சியோல் நகரில் ஓர் ஆங்கில ஆசான்

1886ஆம் ஆண்டின் கோடையில், இன்று இன்சியோன் என வழங்கும் செமுல்போ துறைமுகத்தில் அமெரிக்க இளைஞர் மூவர் வந்திறங்கினர். ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டால்செல் பங்கர் என்பன அவர்தம் பெயர்கள். நாட்டில் வாந்திபேதி பரவி மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவுடன் 1882இல் உடன்படிக்கை செய்துகொண்ட கோஜோங் மன்னர், வெளிநாடுகளோடு பேசவல்ல அதிகாரிகளை உருவாக்க விரும்பி ஆங்கில ஆசிரியர்களை வேண்டியிருந்தார். 1884இன் இறுதியில் நிகழ்ந்த அரண்மனைக் கலகத்தால் அவ்வேண்டுகோள் நிறைவேறக் காலம் தாழ்ந்தது. வந்தவர்களுள் ஹல்பர்ட்டுக்கு அப்போது வயது 23.

அவ்வாண்டு செப்டம்பரில் அரச ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தோர் ஏறத்தாழ 35 பேர். அனைவரும் யாங்பன் என்னும் உயர்குடியினர். ஒரு பிரிவினர் ஏற்கெனவே அரசுப் பதவி வகித்தவர். மற்றொரு பிரிவினர் பள்ளியிலேயே தங்கிப் பயின்ற இளைஞர். பதவியிலிருந்தோர் பல்லக்கிலும் குதிரையிலும் வந்தனர். நூலையும் புகைக்குழலையும் பணியாளர் சுமந்து வந்தனர். தன் நூலைத் தானே சுமப்பது யாங்பனுக்கு இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. மாணவர் சிலர் ஆசிரியரினும் மூத்தவர். முதியோர்க்குப் பணிதல் அறமெனக் கொண்ட நாட்டில், வயதில் இளையவன் ஆசிரியனாக நிற்பது எளிய நிலையன்று. ஆயினும் மன்னனும் ஆசானும் தந்தையும் ஒன்று என்னும் கன்பூசிய நெறி அவ்விளைஞர்க்குத் துணைநின்றது. மாதா, பிதா, குரு எனச் சொல்லிப் பழகிய தமிழர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

மாணவர்க்கு ஆங்கிலம் தெரியாது; ஆசிரியர்க்குக் கொரியம் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கினர். ஊர்ப் பள்ளிகளில் சீன நூல்களை உடலை அசைத்து உரக்க ஓதி மனப்பாடம் செய்து வளர்ந்த மாணவர் ஆதலின், சொற்களை நினைவில் இருத்துவதில் அவர்கள் விரைவாக முன்னேறினர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் திறனும் அத்தகையதே அன்றோ? மன்னரே மாணவரை நேரில் தேர்வு செய்ததும் உண்டு.

ஆசிரியர் வாழ்ந்தது சியோலின் ஜொங்டொங் பகுதியில். கொரிய வீடுகளில் அடுப்பின் வெம்புகை தரைக்கடியிற் சென்று அறையைச் சூடேற்றும். ஒண்டோல் என்னும் அத்தரையே இருக்கையும் படுக்கையும் ஆகும். கடுங்குளிரில் அதன் அருமையை வெளிநாட்டாரும் உணர்ந்தனர். தெருவெங்கும் வெள்ளாடை. அதனை வெள்ளையாகவே வைத்திருக்கப் பெண்கள் பட்ட பாடு பெரிது. இரவு நெடுநேரம் வீடுகளிலிருந்து துணியைத் தடிகொண்டு தட்டி மெருகேற்றும் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். மணமாகாத ஆண்மகன் எத்தனை வயதினனாயினும் பின்னல் தொங்கவிட்ட சிறுவனே. மணமான பின்னரே உச்சிக்குடுமி முடிந்து பெரியவனாக மதிக்கப்படுவான்.

இரவு நகரின் பெருமணி ஒலித்ததும் வாயிற்கதவுகள் அடைபடும். ஆடவர் வீடு திரும்பவேண்டும். பகலெல்லாம் உள்ளே அடைபட்டிருந்த பெண்கள் அதன்பின்னரே விளக்கேந்தி வெளிவந்து உற்றாரைக் கண்டு அளவளாவினர்.

இத்தகைய சூழலில் வாழ்ந்த ஹல்பர்ட், கற்பித்ததைவிடக் கற்றதே மிகுதி எனலாம். ஹங்குல் எழுத்தைச் சில நாள்களிலேயே கற்றுக்கொண்டார். செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட அவ்வெழுத்து, கற்றோரால் இகழப்பட்டுப் பெண்டிர்க்கும் பாமரர்க்கும் உரியதெனத் தள்ளப்பட்டிருந்தது. தம் மாணவர் சொந்த எழுத்தைத் தாழ்வெனக் கருதியது அவருக்கு வியப்பளித்தது. ஆகவே சீன எழுத்தே கலவாமல் ஹங்குலில் உலகப் புவியியல் நூலொன்றை 1890ஐ ஒட்டிய காலத்தில் எழுதி வெளியிட்டார். கற்றோரும் பொதுமக்களும் அறிந்திருக்கவேண்டியவை என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், கொரியர்க்குக் கொரிய எழுத்திலேயே பாடநூல் செய்தளித்தார்! தெருவிற் கேட்ட அரிராங் என்னும் நாட்டுப்பாடலுக்கு முதன்முதலாக மேனாட்டு இசைக்குறியீடு அமைத்து 1896இல் வெளியிட்டவரும் அவரே.

அவர் 1905இல் எழுதிய மற்றொரு நூல் தமிழாசிரியர் அறியத்தக்கது. அது கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிடும் இலக்கணம். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் தோன்றி அரை நூற்றாண்டாகியிருந்த காலம் அது. இரு மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும். அடை பெயருக்கு முன்வரும். உருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆயினும் இவ்வமைப்பு துருக்கி, ஜப்பானிய மொழிகளிலும் உண்டு. கொரியக் குழந்தையும் அப்பா என்றே அழைப்பது கேட்க இனிமையானதுதான். ஆனால் மழலைச்சொற்கள் பல மொழிகளில் ஒத்திருப்பதால் அது உறவுக்குச் சான்றாகாது. இன்றைய மொழியியலார் ஹல்பர்ட்டின் முடிவை ஏற்பதில்லை. நம்மவர் சிலர் மேடைகளில் அதனை ஐயமற்ற உண்மைபோல் முழங்குவது பொருந்தாது.

பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பதவியிலிருந்த மாணவர் வருகை குறைந்தது, பொருளும் சுருங்கியது. கில்மோர் 1889இலும் ஹல்பர்ட் 1891இலும் விலகினர். 1894இல் பள்ளி மூடப்பட்டது. ஹல்பர்ட் மட்டும் 1893இல் அச்சகப் பணிக்காக மீண்டும் வந்து, பின்னர் அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்தார்.

அப்பள்ளியின் மாணவர்களுள் ஒருவர் ஈ வான்யொங். 1858இல் பிறந்த அவர் ஹல்பர்ட்டினும் ஐந்தாண்டு மூத்தவர்; ஆங்கிலம் கற்றுச் சிறிது காலத்தில் வாஷிங்டன் தூதரகப் பணிக்குச் சென்றார். ஜப்பான் கொரியாவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த 1905இல், ஆசிரியர் மன்னரின் மடலோடு வாஷிங்டன் சென்று நீதி கேட்டார். அமெரிக்க அரசு செவிசாய்க்கவில்லை. மாணவரோ அமைச்சராக இருந்து, நாட்டின் வெளியுறவு உரிமையை ஜப்பானுக்கு அளித்த உடன்படிக்கைக்கு இசைந்தார். 1907இல் ஹேக் நகர உலக மாநாட்டிற்கு மன்னர் மறைவாக மூன்று தூதுவரை அனுப்பியபோது, ஹல்பர்ட்டும் தனியே சென்று அவர்களுக்காகப் பாடுபட்டார். மாநாடு அவர்களை உள்ளே விடவில்லை. அதைக் காரணமாக்கி மன்னரை முடிதுறக்குமாறு நெருக்கியவர்களுள் முதலமைச்சர் ஈ வான்யொங்கும் ஒருவர். 1910இல் நாட்டையே ஜப்பானோடு இணைத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டவரும் அவரே. ஒரே வகுப்பறையில் ஒரே அரிச்சுவடியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த இருவர்!

நாடு விடுதலை பெற்றபின், குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் அழைப்பை ஏற்று 1949 ஜூலை இறுதியில் தம் 86ஆம் வயதில் ஹல்பர்ட் கொரியா திரும்பினார். நெடும்பயணம் அவர் உடலைத் தளரச் செய்திருந்தது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 5ஆம் நாள், சியோலில் உயிர் நீத்தார். ஹான் ஆற்றங்கரையில் யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்தில், அவர் விரும்பியவாறே, கொரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.