அறிவித்தற் பலகையும் அடைபட்ட கதவும்: இலங்கைப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத் துறை ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் அறிவித்தற் பலகை உண்டு. வரவிருக்கும் சிறப்பு விரிவுரை, மேடையேறவிருக்கும் நாடகம், கட்டுரைப் போட்டி, புலமைப்பரிசில், வெளிநாட்டு உயர்கல்வி, தொழில்வாய்ப்பு ஆகியன பற்றிய செய்திகள் அதில் ஒட்டப்படுகின்றன. நாள் கடந்ததும் கிழித்தெறியப்படுகின்றன. அவற்றை வரலாற்று ஆவணங்களாகப் பேணுவார் அரியர். எனினும், ஒரு துறை எத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தியது, அது வழங்கிய வாய்ப்புகள் எவரைச் சென்றடைந்தன என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், பாடத்திட்டங்கள் உணர்த்தாத பல உண்மைகள் புலனாகும். இவ்வினாக்களை எழுப்புதற்கு ஆங்கிலத் துறையைப் போன்று பொருத்தமானது வேறில்லை. ஏனைய துறைகளில் மொழி அறிவைப் பெறுதற்குரிய கருவியாக மட்டுமே அமைய, ஆங்கிலத் துறையில் அதுவே அறிவாகவும், அதிகாரமாகவும், உத்தியோகமாகவும் அமைந்தது. அத்துறையின் வாய்ப்புகள் எவ்வாறு தோன்றின, எவர்க்குத் திறந்திருந்தன, தமிழ் மாணவருக்கும் தமிழ்க் கலைக்கும் அவற்றால் விளைந்தது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றுவாய்

ஆங்கில இலக்கியம் ஆங்கில நாட்டிலேயே பல்கலைக்கழகப் பாடமாக நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. இலண்டனிற் புதிதாக நிறுவப்பட்ட கல்லூரியில் 1828ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பேராசிரியர் பதவி தோற்றுவிக்கப்பட்டதெனினும், ஒக்ஸ்போட்டில் அதற்கெனத் தனிப்பட்ட கல்விநெறி 1894இலும், கேம்பிரிட்ஜில் தனிப் பட்டத்தேர்வு 1917இலுமே அமைந்தன. இந்தியாவிலோ, அதற்குப் பல தசாப்தங்கள் முன்னரே ஆங்கில இலக்கியம் கல்விக்கூடங்களில் இடம்பெற்றுவிட்டது. இந்திய சிவில் சேவைக்கு 1855இல் நடைபெற்ற போட்டித் தேர்விலும் அது முக்கிய பாடமாயிருந்தது. ஆகவே, ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் தொடக்கத்திலிருந்தே இணைபிரியாதனவாய் வளர்ந்தன எனலாம்.

இலங்கையிலும் நிலைமை இதுவே. 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் உள்நாட்டவரை அரச சேவையிற் சேர்த்துக்கொள்வதை வற்புறுத்தின. அதற்குரிய தகைமை ஆங்கிலக் கல்வியாயிற்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1823இலேயே வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியிருந்தனர். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கலைமாணிப் பட்டம் பெற்றோருள் ஒருவர். அவர் வாழ்க்கை நமது பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆங்கிலக் கல்வி அவருக்குத் தமிழகத்தில் உயர்பதவியைத் தேடித்தந்தது. ஆயின் அவர் பெயர் நிலைத்தது அப்பதவியால் அன்று. கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பதிப்புப் பணியாலேயே ஆகும். ஒரு மொழி வழங்கிய வாய்ப்பு மற்றொரு மொழியின் செல்வமாக மாறியமைக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்வும் இவ்வாறே நோக்கத்தக்கது. 1870இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1875இல் திறந்த போட்டித் தேர்வின் வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதலாவது இலங்கையரானார். ஒருவர் செல்லத்தக்க ஒடுங்கிய பாதையால் மேலேறிய அவரே, பலர் செல்லத்தக்க பாதையொன்று வேண்டும் எனக் குரலெழுப்பினார். 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னணியில் அவர் நின்றார். அவ்வியக்கத்தின் பயனாக 1921 ஜனவரியிற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது.

கல்லூரிக் காலம்

பல்கலைக்கழகக் கல்லூரி தனக்கெனப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்கே அது மாணவரை ஆயத்தஞ்செய்தது. எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்பட்டமையால், ஆங்கிலத் துறை துறைகளுள் ஒன்றாக மட்டுமன்றி, கல்லூரி முழுவதற்கும் பண்பாட்டு அளவுகோலாகவும் விளங்கிற்று. 1942 ஜூலையில் அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதலாவது துணைவேந்தரானார். அப்போது பல்கலைக்கழகத்திற் பயின்றோர் தொகை 904 மட்டுமே.

இக்காலத்து ஆங்கிலத் துறையின் வரலாறு பெரும்பாலும் பேராசிரியர் ஈ. எவ். சி. லூடவைக் அவர்களின் வரலாறாகும். காலியிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1956இல் ஓய்வுபெறும்வரை ஏறத்தாழ இரு தசாப்தங்கள் துறையை வழிநடத்தினார். அவருடன் பணியாற்றிய டொரிக் டி சூசா இலங்கையின் இடதுசாரி இயக்கத்திலும் முக்கிய பங்கு கொண்டவர். றெஜி சிறிவர்த்தன போன்ற விமர்சகர்கள் அத்துறையின் மாணவர்களாவர். ஏகாதிபத்தியத்தின் மொழியைக் கற்பித்த துறையிலேயே ஏகாதிபத்திய எதிர்ப்பாளரும் உருவாகினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும், இவ்வாய்ப்புகள் சமூகத்தின் எப்பகுதியினரைச் சென்றடைந்தன? சுதந்திரத்தை அண்டிய ஆண்டுகளில் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்தோர் இந்நாட்டு மக்களிற் பத்தில் ஒரு பங்கினர்க்கும் குறைவு. சிவில் சேவைத் தேர்வு, வெளிநாட்டுப் புலமைப்பரிசில், ஆங்கிலப் பத்திரிகைப் பணி, உயர்தரப் பாடசாலைகளில் ஆசிரியப்பணி ஆகிய யாவும் அச்சிறு பகுதியினர்க்கே எட்டுவனவாயிருந்தன. அறிவித்தற் பலகை யாவர்க்கும் பொதுவாகத் தொங்கியது. அதனை வாசிக்கும் ஆற்றலோ, கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் முன்னரே விலைக்கு வாங்கப்பட்டிருந்தது. துறையின் ஆசிரியர்கள் எத்துணை முற்போக்காளராயிருந்தபோதிலும் இவ்வமைப்பினைத் தனியே மாற்றும் வல்லமை அவர்க்கு இருக்கவில்லை.

அரங்கம் தந்த பேறு

இக்கட்டுப்பாட்டை ஓரளவேனும் மீறிய நிகழ்ச்சி ஒன்று உண்டெனின், அது நாடகமே. லூடவைக்கின் வழிகாட்டலிற் பல்கலைக்கழக நாடக சங்கம் பேர்னாட் ஷோ, பிரண்டெல்லோ, பிரெக்ற் முதலியோரின் நாடகங்களை மேடையேற்றியது. அக்காலத்து இலங்கையில் உலக நாடகத்தின் நவீன போக்குகளை நேரிற் காண்பதற்கு இருந்த வாயில்களுள் இது தலையாயது. பார்வையாளர் ஆங்கிலம் கற்றோரே. ஆனால் அவர்களுள் வேறு துறையினரும் இருந்தனர். நாடகம் என்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று, பயிற்சியையும் ஒழுங்கையும் வேண்டிநிற்கும் கலை என்ற எண்ணம் பல்கலைக்கழகச் சூழலில் வேரூன்றியது.

அதே வளாகத்தில் எதிரிவீர சரச்சந்திர மொலியர், கோகோல் முதலியோரின் நாடகங்களைச் சிங்களத்தில் தழுவி அமைத்துப் பயின்றார். பின்னர் தழுவல் நெறியிலிருந்து விலகி, கிராமிய நாடகம மரபையும், யப்பானிற் கண்ட செந்நெறி அரங்கையும் உளங்கொண்டு, 1956 நவம்பரில் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்த் துறையில், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை மேடையேற்றிப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் நடிப்பதற்கென நாடகங்கள் எழுதினார். அவற்றுள் நான்கு 1940இல் 'நானாடகம்' என்னும் பெயரில் நூலாயின. 'மனமே' அளித்த ஊக்கத்தினாலும் தமது மரபின் மீது கொண்ட பற்றினாலும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் புதுக்கி, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1967) ஆகியவற்றைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார்.

இவை யாவற்றையும் ஆங்கிலத் துறை ஈன்ற குழந்தைகள் எனக் கூறுதல் மிகையாகும். கூத்து மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவிமாரால் வழிவழி பேணப்பட்டு வந்தது. அதன் உயிர் அங்கேயே இருந்தது. எனினும், மூன்று மொழியினரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, ஒருவர் மற்றவரின் ஆற்றுகைகளைக் கண்டமை, தத்தம் மரபைப் புதுக்கண்கொண்டு நோக்குதற்கு ஏதுவாயிற்று. ஆங்கிலத் துறையின் நிகழ்ச்சிகளுள் நிலைத்த பயன் விளைத்தவை துறையின் சுவர்களைத் தாண்டிச் சென்றவையே என்ற முடிவுக்கு நாம் வரலாம்.

1956உம் அதன் பின்னும்

1956 பல வகையில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டிலேயே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது, 'மனமே' மேடையேறியது, லூடவைக்கும் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். 1960ஐ அண்டிக் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் தாய்மொழி மூலக் கல்வியும் சேர்ந்து, தம் குடும்பத்தில் எவரும் பல்கலைக்கழக வாசலை மிதித்திராத கிராமத்து இளைஞர் பலரைப் பேராதனைக்குக் கொணர்ந்தன. இம்மாற்றம் நீதியானது, அதனை மறுப்பார் வரலாற்றை அறியார்.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஏனைய துறைகள் தாய்மொழிக்கு மாற, ஆங்கிலத் துறை கலைப்பீடத்தினுள்ளே சிறு தீவாயிற்று. சிலர்க்கு ஆங்கில இலக்கியம், பலர்க்கு அடிப்படை ஆங்கிலம் என இருவேறு ஏற்பாடுகள் தோன்றின. முன்னது துறையின் பணியாக, பின்னது தனிப் போதனைப் பிரிவுகளின் பணியாக அமைந்தது. சட்டத்தால் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட ஆங்கிலம், தனியார் வணிகத்திலும் உயர் தொழில்களிலும் வெளிநாட்டுக் கல்வியிலும் தன் ஆட்சியை இழக்கவில்லை. எனவேதான் பல்கலைக்கழக மாணவர் அதனைச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள் என்று அழைத்தனர். ஏந்துபவனுக்கு அது படைக்கலம், ஏந்தாதவனுக்கு வெட்டு. இச்சொல்லின் சமூகப் பொருளைப் பேராதனை ஆங்கிலத் துறையைச் சேர்ந்த மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். தமிழ் மாணவரின் நிலை மேலும் சிக்கலானது. அரசகரும மொழி அவர்க்குரியதாயிருக்கவில்லை, ஆங்கிலமோ கைநழுவிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணம் தரும் பாடம்

1974இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் தொடங்கப்பட்டது. அங்கு ஆங்கிலம் கற்பித்தோருள் ஏ. ஜே. கனகரட்னா குறிப்பிடத்தக்கவர். பிறநாட்டுச் சிந்தனைகளைத் தமிழிற் பெயர்த்தும், ஈழத்து எழுத்தை ஆங்கில வாசகர்க்கு அறிமுகஞ்செய்தும் அவர் இருவழிப் பாலமாக வாழ்ந்தார். 1984 முதல் பத்தாண்டுகள் அங்கு கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் வகுப்பு மாணவரின் பாடநூல்களை ஊன்றி நோக்கினார். அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் அந்நூல்களின் ஓரங்களில் மாணவர் தமிழில் எழுதிய குறிப்புகளும், வரைந்த படங்களும், படங்களிற் செய்த மாற்றங்களும் அவர்க்குச் சான்றுகளாயின. ஆங்கிலத்தை வேண்டியும் அதன் பண்பாட்டு ஆதிக்கத்தை வேண்டாதும் நின்ற இளைஞரின் மனநிலையை 1999இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார்.

1990இன் பின், மின்சாரமும் கடதாசியும் தபாலும் அரிதாகிய போர்க்காலத்தில், மேனாட்டு ஆய்விதழ்கள் வேண்டிய தட்டச்சுப் பிரதிகளைக்கூட அனுப்ப இயலாது யாழ்ப்பாண ஆய்வாளர் இடர்ப்பட்டமையையும் அவர் எழுதினார். வாய்ப்பு அறிவிக்கப்பட்டிருந்தது, அதற்கான திகதி தபால் வந்துசேருமுன் கடந்துவிட்டது. திறமைக் குறைவு எனப் பிறர் கருதியது உண்மையில் மண்ணெண்ணெய்க் குறைவாகவும் கடதாசிக் குறைவாகவும் இருந்தது. இதே யாழ்ப்பாண ஆங்கிலத் துறையிற் கற்பித்துப் பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியரான செல்வா கனகநாயகம், 2001இல் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். தாமோதரம்பிள்ளை ஆங்கிலக் கல்வியினூடாகத் தமிழுக்கு வந்தார். கனகநாயகம் தமிழை ஆங்கிலத்துக்கு இட்டுச்சென்றார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, வாய்ப்பு என்பது அறிவித்தலோடு பிறப்பதன்று. பாடசாலையிலும் நூலகத்திலும் வீட்டின் பொருளாதாரத்திலும் அது முன்னரே தீர்மானிக்கப்படுகின்றது. மற்றையது, ஆங்கிலத் துறை தன்னுள் அடங்கியிருந்த காலத்தைக் காட்டிலும், அரங்கினாலும் மொழிபெயர்ப்பினாலும் பிறமொழியினரோடு உறவாடிய காலத்திலேயே நாட்டுக்குப் பெரும் பயன் விளைத்தது.

ஆங்கிலத் துறை ஆங்கிலத்தில் இயங்குவது இயல்பே, அதிற் குறைகாண்பதேன் எனச் சிலர் வினவலாம். மொழியிற் குறையில்லை. ஆனால் தமிழ் மூலம் கற்கும் மாணவன் அத்துறை நிகழ்ச்சிகளை அயலாருடைய விழாவாகக் கருதி ஒதுங்கிச் செல்வானாயின், இழப்பு இரு பக்கத்தினர்க்கும் உரியது. இவ்விடத்தில் தமிழ்ச் சங்கத்துக்கும் கடமையுண்டு. ஆண்டுதோறும் ஒரு நாடகத்தையேனும் ஆங்கிலத் துறை மாணவருடன் சேர்ந்து மொழிபெயர்த்து மேடையேற்றலாம். சிறப்பு விரிவுரைகளின் சாரத்தைத் தமிழில் எழுதி வழங்கலாம். புலமைப்பரிசில் விண்ணப்பங்களை நிரப்ப முதலாண்டு மாணவர்க்கு மூத்த மாணவர் துணைபுரியலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

வாளைச் சபித்துக்கொண்டிருப்பதால் அதன் கூர்மை மழுங்குவதில்லை. அதனை ஏந்தும் கைகள் பெருகும்போதே அது அச்சுறுத்தும் ஆற்றலை இழக்கும். அவ்வாறு பெருகச் செய்யும் முயற்சி அடுத்து ஒட்டப்படும் அறிவித்தலிலிருந்தே தொடங்குதல் கூடும்.