சத்தம் போடாத பிரிண்டர் - ஒரு கால்குலேட்டர் விட்டுப்போன சொத்து

சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கும் பில்லை எடுத்து, நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்பாக ஒரு கோடு விழும். மை கிடையாது, ரிப்பன் கிடையாது, கார்பன் தாள் கிடையாது. நகம் உரசியதில் பிறந்த சூடு, அவ்வளவுதான். அந்த பில்லை அடித்த மெஷினும் இதைத்தான் செய்கிறது. நகத்துக்குப் பதிலாக வரிசையாகச் சின்னச் சின்ன சூட்டுப் புள்ளிகள். எந்தப் புள்ளி எப்போது சூடாக வேண்டும் என்று சொல்ல ஒரு சிப். இதற்குத்தான் தெர்மல் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இது பில் போடுவதற்காகப் பிறந்ததே அல்ல. ஒரு கால்குலேட்டரில் விடையைக் காட்ட வேறு வழி இல்லாமல் போனதால் பிறந்தது.

கதை 1965-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் தொடங்குகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் ஜாக் கில்பி 1958-லேயே ஐ.சி.யைச் செய்து காட்டிவிட்டார். (இதற்காக 2000-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 42 வருஷம் கழித்து!) ஆனால் கம்பெனிக்கு ஒரு கவலை. ஐ.சி.யை வாங்குவது யார்? ஏவுகணை செய்கிற ராணுவமும், நிலாவுக்கு ஆள் அனுப்பத் தயாரான நாசாவும்தான். சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி ஒரு பொருள் வந்தால்தான் சந்தை பெரிதாகும். கம்பெனியின் தலைவர் பேட்ரிக் ஹாகர்டிக்கு இந்த விஷயத்தில் ஏற்கெனவே அனுபவம் உண்டு. 1954-ல் டிரான்சிஸ்டருக்கு சந்தை தேடி, ரீஜென்சி டி.ஆர்-1 என்ற பாக்கெட் ரேடியோ வருவதற்குக் காரணமாக இருந்தவர். அதே உத்தியை ஐ.சி.க்கும் போட்டுப் பார்க்க நினைத்தார். கையில் அடங்குகிற கால்குலேட்டர் ஒன்று செய்ய முடியுமா என்று கில்பியிடம் கேட்டார்.

அந்தக் காலத்துக் கால்குலேட்டர் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். ஜப்பானில் ஷார்ப் கம்பெனி 1964-ல் வெளியிட்ட சி.எஸ்-10ஏ என்ற மாடலின் எடை 25 கிலோ, ஒரு அரிசி மூட்டை. விலை 5,35,000 யென், அதாவது அன்றைக்கு ஒரு காரின் விலை. இதைத்தான் சட்டைப் பைக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார் ஹாகர்டி.

கில்பியோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஜேம்ஸ் வான் டாசல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டார். ஜெர்ரி மெரிமேன் சர்க்யூட் வேலையை எடுத்துக்கொண்டார். இந்த மெரிமேன் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய ஆள். டெக்சாஸில் ஹெர்ன் என்கிற சின்ன ஊர்க்காரர், பதினோரு வயதிலேயே ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். கல்லூரியில் சேர்ந்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர் மூன்று பகல் மூன்று ராத்திரி உட்கார்ந்து கால்குலேட்டரின் சர்க்யூட்டை வரைந்து முடித்தார். வரைந்ததை நிஜமாக்கத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கணக்குப் போடும் பகுதி ஒருவழியாக வந்துவிட்டது. விடையை எப்படிக் காட்டுவது? இங்கேதான் சிக்கல். அப்போது மேசைக் கால்குலேட்டர்களில் இருந்த நிக்ஸி குழாய்க்கு 170 வோல்ட் போல வேண்டும். பேட்டரியில் ஓடுகிற பொருளுக்கு அது ஆகாது. டி.வி. மாதிரி பிக்சர் டியூப் வைத்தால் கையடக்கம் என்ற பேச்சே கிடையாது. எல்.ஈ.டி. 1962-லேயே வந்துவிட்டது என்றாலும் விலை யானை விலை, மின்சாரமும் நிறையக் குடிக்கும். சரி, காகிதத்தில் அச்சடித்துவிடலாம் என்றால், எழுத்தைச் சுத்தியால் அடிப்பது போல அடிக்கிற பழைய முறைக்கு மோட்டார், காந்தம், நெம்புகோல் என்று ஒரு பட்டறையே வேண்டும்.

கில்பி வேறு பக்கமாக யோசித்தார். சூடு பட்டால் நிறம் மாறும் காகிதம் ஏற்கெனவே இருந்தது. கடுகை விடச் சின்னதான ஒரு புள்ளியைச் சூடாக்க எவ்வளவு மின்சாரம் ஆகிவிடும்? சூடேற வேண்டிய பொருளே துளியூண்டு என்பதால், செலவும் துளிதான். அதுவும் சிலிக்கானைச் செதுக்குவது இவர்களுக்குக் கைவந்த கலை. சிலிக்கானையே சின்னச் சின்ன மேடுகளாக வெட்டி, ஒரு மேட்டின் சூடு பக்கத்து மேட்டுக்குப் போகாதபடி நடுவில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியாகச் சூடாக்கினார்கள். தெர்மல் பிரிண்ட் ஹெட் இப்படித்தான் உருவானது. எந்த மேடுகள் சூடாகின்றனவோ, அந்தப் புள்ளிகள் சேர்ந்து காகிதத்தில் ஓர் எண்ணாகத் தெரியும்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஹெட்டை நகர்த்தவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ரிப்பன் போல ஒடுக்கமான காகிதம் ஹெட்டைத் தாண்டி ஊர்ந்து போகும். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் நீளவாட்டில் விழும். அசைகிற பாகம் காகிதத்தை இழுக்கும் பகுதி மட்டும்தான். அசையும் பாகம் குறையக் குறைய விலையும் குறையும், ரிப்பேரும் குறையும். என்ஜினீயர் அல்லாதவர்களுக்கும் புரிகிற கணக்கு இது.

'கால்-டெக்' என்று செல்லப் பெயர் வைத்த அந்த மாதிரி 1967-ல் வேலை செய்தது. அலுமினியப் பெட்டி, சுமார் ஒன்றேகால் கிலோ. கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். 12 இலக்கம் வரை விடையை அச்சடிக்கும். அதே வருஷம் செப்டம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கையில் கிடைத்தது 1974-ல்.

கடைக்கு வந்தது ஜப்பானின் கேனன் கம்பெனி மூலமாக. 1970-ல் 'பாக்கெட்ரானிக்' என்ற பெயரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சிப்களோடும் தெர்மல் ஹெட்டோடும் வெளியானது. எடை ஏறத்தாழ 800 கிராம். பெயரில்தான் பாக்கெட் இருந்தது, எந்த பாக்கெட் என்று கேட்கக்கூடாது! அமெரிக்காவில் விலை 350 டாலரை ஒட்டி.

ஆனால் காலம் முந்திக்கொண்டது. 1971 தொடக்கத்திலேயே ஜப்பானின் பிசிகாம் கம்பெனி எல்.ஈ.டி. டிஸ்ப்ளே வைத்த நிஜமான பாக்கெட் கால்குலேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. 1972-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸே 150 டாலருக்கும் குறைவாக, எல்.ஈ.டி.யோடு டேட்டாமேத் என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கணக்குக்கும் காகிதம் செலவழிக்கிற கால்குலேட்டரை இனி யார் வாங்குவார்கள்? டிஸ்ப்ளே இல்லாத குறையை நிரப்ப வந்த பிரிண்டர், டிஸ்ப்ளே வந்ததும் வேலை இழந்தது.

வேறு எந்த உதிரிப் பொருளாக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். இதற்கு வேறு வேலை காத்திருந்தது.

அந்த நாளில் தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்குப் பெரும்பாலும் டெலிடைப் மெஷின்தான். மாடல் 33 என்ற பிரபலமான டெலிடைப், விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். சத்தமோ தறி ஓடுவது போல. 1971-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 'சைலண்ட் 700' என்ற டெர்மினலை இறக்கியது. அதன் ஹெட்டில் அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஏழு என்று 35 சூட்டுப் புள்ளிகள். விநாடிக்கு 30 எழுத்து. ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 33 மில்லி விநாடி. அதற்குள் புள்ளிகள் சூடாக வேண்டும், ஆற வேண்டும், ஹெட் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஆறுவதற்கு முன்னால் நகர்ந்தால் எழுத்துக்கு வால் முளைத்துவிடும். ஆனால் சத்தம் கிடையாது. பெயரே அதைத்தான் சொல்கிறது. சில மாடல்களில் டெலிபோன் ரிசீவரை அப்படியே கவிழ்த்து வைக்க இரண்டு ரப்பர் குழிகள் இருந்தன. ஹோட்டல் அறையிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரோடு பேசலாம்.

ஆப்பிள் கம்பெனியின் முதல் பிரிண்டரும் தெர்மல்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1980-ல் விற்பனைக்கு வந்த 'சைலண்டைப்'. டிரெண்ட்காம் என்ற கம்பெனியின் பிரிண்டரை எடுத்து, உள்ளே இருந்த கன்ட்ரோல் போர்டைத் தூக்கிவிட்டு, எளிய போர்டு ஒன்றைப் போட்டார்கள். பிரிண்டருக்குத் தனி மூளை எதற்கு, ஆப்பிள்-2 கம்ப்யூட்டரே எந்தப் புள்ளியை எப்போது சுடுவது என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அதற்கான ப்ரோகிராமை எழுதியவர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், பின்னாளில் மெக்கின்டாஷ் குழுவில் முக்கியமான ஆள். ஒரு பாகத்தின் வேலையை சாஃப்ட்வேர் செய்யுமானால், அந்தப் பாகத்துக்குக் காசு எதற்கு? ஹார்ட்வேர் தொழிலில் லாபம் பிறக்கிற இடங்களில் இது ஒன்று.

(ஒரு சின்ன எச்சரிக்கை: 1981-ல் வந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ். பிரிண்டரையும் சிலர் தெர்மல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது அலுமினியம் பூசிய காகிதத்தைத் தீப்பொறியால் பொசுக்குகிற ஜாதி. வேறு குடும்பம்.)

இன்றைக்கு பில் மெஷினில் இருப்பது ஹெட் நகராத வகை. காகிதத்தின் அகலம் முழுக்க ஒரே வரிசையாகப் புள்ளிகள். 58 மில்லிமீட்டர் ரோலில் 48 மில்லிமீட்டருக்கு அச்சு, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, மொத்தம் 384. சிலிக்கான் மேடுகள் போய், பீங்கான் பலகையில் கண்ணாடிப் பூச்சு, அதன் மேல் மின்தடைப் படலம் என்று ஆகிவிட்டது. ஆனால் இதை டிசைன் செய்கிறவரின் தலைவலிகள் பழையவைதான்.

முதலில் மின்சாரம். ஒரு புள்ளியின் மின்தடை 176 ஓம், கொடுப்பது 5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி 28 மில்லி ஆம்பியர் இழுக்கும். பார்த்தால் சாதுவாகத் தெரியும். 384-ம் ஒரே நேரத்தில் எரிந்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர்! கண்டக்டர் கையில் பிடிக்கிற மெஷினின் பேட்டரி தாங்குமா? அதனால் 64, 64-ஆகப் பிரித்து, ஒரு வரியையே ஆறு தவணையில் சுடலாம். பில்லில் கறுப்பான பெரிய லோகோ வரும்போது சில மெஷின்கள் திணறி மெதுவாவதற்கு இந்தத் தவணை ஒரு காரணம்.

அடுத்து, பேட்டரி இறங்க இறங்க எழுத்து வெளுக்கும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வோல்டேஜ் 15 சதவீதம் இறங்கினால் சூடு 28 சதவீதம் இறங்கிவிடும். சிப் அதை அளந்து, சுடும் நேரத்தை நீட்ட வேண்டும். வெயில் காலத்தில் ஹெட் ஏற்கெனவே சூடாக இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். போன வரியில் எரிந்த புள்ளிக்கு இந்த வரியில் கொஞ்சம் குறைவாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து ஊதிப்போகும். ஹெட்டின் கண்ணாடிப் பூச்சு தடிமனாக இருந்தால் சூடு வீணாகாது, ஆனால் ஆறத் தாமதம். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் ஆறும், ஆனால் மின்சாரம் கூடுதலாகும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. வேகம் வேண்டுமா, பேட்டரி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டியதுதான்.

இத்தனை கணக்கும் ஹெட்டுக்கு. காகிதத்தின் கணக்கு வேறு. அதன் பூச்சில் நிறமில்லாத சாயமும், அமிலத்தன்மை உள்ள இன்னொரு பொருளும் தூளாகப் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. சூட்டில் உருகிச் சேர்ந்தால் கறுப்பு. கார்பன் இல்லாமல் நகல் எடுக்கும் காகிதத்துக்காக என்.சி.ஆர். கம்பெனி 1950-களில் பயன்படுத்திய வேதியியலின் தம்பி இது. அமிலத்தன்மைக்காக வெகுகாலம் போட்டது பிஸ்பினால்-ஏ. ஹார்மோன்களைக் குழப்பும் என்ற பயத்தில் ஐரோப்பிய யூனியன் 2020 ஜனவரி முதல் தெர்மல் காகிதத்தில் அதை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. பல தயாரிப்பாளர்கள் அதன் உறவுக்காரனான பிஸ்பினால்-எஸ்ஸுக்கு மாறினார்கள். அதுவும் யோக்கியமா என்ற கேள்வி உடனே பின்னால் வந்துவிட்டது.

சேர்ந்த இரண்டும் பிரிந்தால் எழுத்து மறைந்துவிடும். எண்ணெய்க் கை, பி.வி.சி. உறை, வெயில் எல்லாமே பிரித்துவிடும். தெர்மல் ஃபேக்ஸ் காலத்தில் ஆபீஸ்களில் வந்த ஃபேக்ஸை முதல் வேலையாக ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டது இதனால்தான். இந்தியாவில் ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, பதிவு பெற்ற வியாபாரி கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. மலிவான தெர்மல் பில் சில மாதத்திலேயே மங்க ஆரம்பித்துவிடும். அச்சுச் செலவை மிச்சம் பிடித்தது பில் கொடுத்த கடை, ஆறு வருஷம் கழித்துக் கேள்வி வந்தால் வெள்ளைத் தாளோடு நிற்கப்போவது பில்லை வாங்கிய வியாபாரி. இந்தச் செலவு யாருடைய லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

மெரிமேன் 2019 பிப்ரவரியில், 86 வயதில் இறந்தார். கால்-டெக் மாதிரி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் பேரப்பிள்ளைகள் அடித்துத் தள்ளுகிற பில்களைப் பத்திரப்படுத்த ஒரே வழி, கையில் வாங்கிய அன்றைக்கே போட்டோவோ ஜெராக்ஸோ எடுத்துவிடுவது. ஃப்ரிட்ஜ் வாரண்டி பில்லாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். அந்த மெஷின் சூட்டில்தான் ஒட்டும். உள்ளே போகும்போது பில், வெளியே வரும்போது முழுக் கறுப்பு அட்டை.