கூரைக்குள் மறைந்த வெப்பம்

காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் 1902ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் தேவைக்காக அமைக்கப்பட்ட நீர்மின் நிலையத்திலிருந்தே பெங்களூருக்கும் மின்சாரம் வந்தது. 1905 ஆகஸ்டில் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. வீடுகளுக்குள் நுழைந்த கம்பி, மரச்சட்டத்தின் பள்ளத்தில் வைத்து மேலே மூடியிடும் கேசிங்-கேப்பிங் முறையிலும், பின்னர் பேட்டன் எனப்படும் மரப்பட்டிமீது கிளிப்புகளால் பிடித்துச் செல்லும் முறையிலும் சுவரின் வெளிப்புறத்திலேயே ஓடியது. குண்டு பல்பு தான் உண்ட மின்னாற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிட்டபோதிலும், அது கூரையிலிருந்து தொங்கியதால் அவ்வெப்பம் அறைக் காற்றில் கலந்துபோயிற்று.

மின்பரிசோதனைச் சட்டங்கள் உருவானது இத்தகைய வீட்டை மனத்தில் கொண்டுதான். இந்திய மின்சார விதிகள், 1956 இன்படி, இணைப்புப் பெற்ற ஒவ்வொரு மின்னமைப்பும் ஐந்தாண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தினால், காப்புத் தடை குறைந்தது ஒரு மெகாஓம் இருக்க வேண்டும் என்று அவை கோரின. மெகர் என்னும் கருவியால் செய்யப்படும் இச்சோதனை கசிவைக் காட்டும். ஆனால் தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூட்டையோ, விளக்கின் முதுகுக்கும் பலகைக்கும் இடையே போதிய வெளி இல்லாமையையோ அது காட்டாது. இந்தக் குறை பல்பு தொங்கிய காலத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

பெங்களூரின் தெற்கே 1978இல் எலெக்ட்ரானிக் சிட்டி தோன்றி, ஒசூர்ச் சாலை நெடுகத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகியபின், தமிழக எல்லையை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்து அத்திபெலேயும் அந்த வளர்ச்சிக்குள் வந்தது. இத்தகைய அடுக்குமாடி வீடுகளில் கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்தது. அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் என்னும் இரண்டாம் கூரை தொங்கவிடப்பட்டு, அதில் வட்டமாக வெட்டிய துளைகளில் டவுன்லைட் எனப்படும் புதைவிளக்குகள் பொருத்தப்பட்டன. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் பணிநிறைவுச் சான்று தந்து இணைப்பு வழங்கப்பட்ட பிறகே இக்கூரை பெரும்பாலும் அமைக்கப்படுவதால், சான்றில் உள்ள வீடும் மக்கள் வாழும் வீடும் வேறுபட்டுவிடுகின்றன.

புதைவிளக்கின் ஆபத்தை அமெரிக்கா முன்னரே கண்டது. 1970களின் எரிபொருள் நெருக்கடியில் வெப்பத்தை அடக்குவதற்காக மேல்மாடத்தில் பரப்பிய காப்புப் பொருள் விளக்குகளின் மேலும் மூடிக்கொண்டதால், வெளியேற வழியற்ற சூடு மரத்தைக் கருக்கித் தீ மூட்டியது. அதன் விளைவாக, சூடு மிகும்போது மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் காப்புறுப்பு 1980களில் அந்நாட்டின் விதியாயிற்று. இந்தியாவிலோ 12 வோல்ட், 50 வாட் ஆலசன் விளக்கு அலங்காரப் பொருளாகவே வந்து சேர்ந்தது. அதன் குவார்ட்ஸ் உறை வேலை செய்ய 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். அதனூடே பாயும் மின்னோட்டமோ நான்கு ஆம்பியரைத் தாண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதற்கு ஈடுகொடுக்காது.

ஜிப்சம் பலகை எளிதில் தீப்பற்றாது; அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படிகநீர் என்பதால், சூடேறும்போது அந்நீர் ஆவியாகித் தீயைத் தாமதப்படுத்துகிறது. பிளைவுட்டுக்கும், மேல்மாடி வெயிலைத் தடுக்க வைக்கப்படும் தெர்மோகோலுக்கும் இப்பண்பு கிடையாது. 2015க்குப் பின் பரவிய எல்.இ.டி. விளக்குகள் சூட்டைப் பெருமளவு குறைத்தது உண்மையே; ஆயினும் மின்னோட்டத்தை மாற்றித்தரும் டிரைவர் என்னும் சிறுபெட்டி கூரைக்குள்ளேயே கிடப்பதால், அந்த இருட்டறையின் வெப்பம் முற்றும் நீங்கிவிடவில்லை.

2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலேயின் பட்டாசுக் கடையில் பற்றிய தீ, முதல் கணக்கிலேயே 14 பேரைக் கொன்றது. அவர்களில் பலர் தீபாவளிக்கால வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்கள். அத்துயரத்துக்குப் பின் பட்டாசு உரிமங்களும் கிடங்குகளும் ஆய்வுக்கு உள்ளாயின, அது தேவையானதே. வீட்டுக் கூரைக்கு அத்தகைய ஆய்வாளர் எவரும் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளும் அவற்றின் திருத்தங்களும் தாழ்மின்னழுத்த இணைப்புகளுக்கு உரிமையாளரே சான்றளிக்கும் வழியைத் திறந்துவிட்டதால், ஒவ்வோர் அறையிலும் ஒரு விளக்கையேனும் கீழே இறக்கி, துளையோரம் கருத்திருக்கிறதா, இணைப்பு பெட்டிக்குள் இருக்கிறதா, டிரைவர் மேல் ஏதேனும் கவிந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது குடியிருப்பவரையே சேர்ந்துள்ளது.