டெர்பி மரப்பூங்கா

இங்கிலாந்தின் டெர்பி நகரிலுள்ள பொதுப் பூங்கா. பஞ்சாலை அதிபரும் அந்நகரின் முன்னாள் மேயருமான ஜோசப் ஸ்டிரட் (1765–1844) தம் சொந்த நிலத்தில் 11 ஏக்கரை நகருக்குக் கொடையாக அளித்து உருவாக்கியது. 1840 செப்டம்பர் 16-இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் முதல் பொதுப் பூங்கா இதுவே என்பர். பிரெஸ்டன் நகரின் மூர் பூங்கா 1833-ஐச் சேர்ந்தது என்பதால், பொதுமக்களுக்கென்றே திட்டமிட்டு வடிவமைத்த முதற்பூங்கா எனச் சிலர் வரம்பிட்டுக் கூறுவர்.

ஜோசப்பின் தந்தை ஜெடிடியா, நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ஆர்க்ரைட்டின் தொழில் கூட்டாளி. குடும்பச் செல்வம் தொழிலாளர் உழைப்பால் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி அவர்களிடமே திரும்ப வேண்டும் என்று ஜோசப் கருதினார். வடிவமைப்பை ஜான் கிளாடியஸ் லவுடனிடம் ஒப்படைத்தார். பிரிட்டனில் வளரும் மரங்களைப் பற்றி 1838-இல் எட்டுத் தொகுதிகளில் நூல் வெளியிட்டுக் கடனில் மூழ்கியிருந்தவர் லவுடன். தாவரவியல் தோட்டம் அமைத்தால் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாது என்று சொல்லி, மரங்களும் புதர்களும் மட்டும் கொண்ட பூங்காவை அவர் பரிந்துரைத்தார்.

நிலம் சமதளம், பரப்போ சிறியது. பாதைகளின் ஓரத்தில் இரண்டு, மூன்று மீட்டர் உயரத்துக்கு மண்மேடுகள் எழுப்பினார். ஒரு பாதையில் நடப்பவருக்கு அடுத்த பாதையில் நடப்பவர் தெரியமாட்டார். அதனால் தோட்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரவகைகளும் புதர்வகைகளும் நடப்பட்டன. ஒவ்வொன்றின் பெயர், தாயகம், பிரிட்டனுக்கு வந்த ஆண்டு ஆகியவை அருகிலேயே எழுதி வைக்கப்பட்டன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் நடந்துகொண்டே மரவியல் கற்கலாம். நுழைவாயில் காவல் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஓர் அறையைப் பொதுவில் விட வேண்டும் என்பது ஸ்டிரட்டின் நிபந்தனை. கட்டுச்சோற்றோடு வருபவர்கள் அங்கே கட்டணமின்றி அமர்ந்து உண்ணலாம். வெந்நீரோ தட்டோ கேட்டு வாங்கினால் மட்டும், விருப்பமிருந்தால் காவலருக்குச் சிறு அன்பளிப்பு தரலாம். இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்த கொடையாளர் அரியர்.

திறப்பு விழா மூன்று நாள் நடந்தது. இரண்டாம் நாள் தொழிலாளர்களுக்கு, மூன்றாம் நாள் குழந்தைகளுக்கு. பராமரிப்புக்குப் பணம் தேவைப்பட்டதால் ஞாயிறும் புதனும் மட்டுமே இலவசம். மற்ற நாள்களில் கட்டணம் இருந்தது. லவுடன் 1843 டிசம்பரில் மறைந்தார்; அடுத்த மாதமே ஸ்டிரட்டும் மறைந்தார்.

1845-இல் பூங்கா விரிவாக்கப்பட்டது. 1882 முதல் எல்லா நாளும் இலவசம். ஆலைப் புகையால் ஊசியிலை மரங்கள் பல பட்டுப்போயின. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் வடிவமைப்பாளர் ஓம்ஸ்டெட் 1859-இல் இங்கு வந்ததாகக் குறிப்பு உண்டு. அப்பூங்காவில் டெர்பியின் தாக்கம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடுகிறது.

ஸ்டிரட்டின் தோட்டத்திலிருந்து வந்து குழந்தைகளின் செல்லமாக விளங்கிய காட்டுப்பன்றிச் சிலை, 1941-இல் குண்டுவீச்சில் சேதமடைந்தது. பூங்காவின் மறுசீரமைப்பின்போது, 2005-இல், புதிய பன்றிச் சிலை நிறுவப்பட்டது.