வழி காட்டவும் ஒரு படிப்பு



பரிசளிப்பு விழாவில் ஒரு பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினால் நாம் கை தட்டுகிறோம். "இவன் நல்லா வருவான் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம். நல்லது. ஆனால் எப்படி வருவான்? எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எந்தக் கல்லூரிக்கு மனுப் போட வேண்டும், உபகாரச் சம்பளத்துக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லப் போவது யார்? அப்பாவுக்குத் தெரியாது, அவர் அந்த வழியில் நடந்தவர் அல்லர். அம்மாவுக்கும் தெரியாது. வகுப்பு ஆசிரியருக்கோ ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை நீக்கப் பிறந்தவையே இரண்டு தொழில்கள். ஒன்று பள்ளி ஆலோசகர் தொழில். மற்றொன்று பள்ளி நூலகர் தொழில். ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி வழி காட்டுகிறார். இன்னொருவர் அந்த வழிக்கு வேண்டிய புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார். "இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். பட்டம் பெற்றவர்கள் மறுபடியும் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டு, முதுகலை படித்துச் செய்யும் தொழில்களாக இவை அங்கே வளர்ந்த கதை, நாம் அறிய வேண்டிய கதை.

பாஸ்டன் நகரத்துப் பிள்ளைகள்

1900-க்குப் பிந்திய ஆண்டுகளில் பாஸ்டன் நகரத்தின் வடகோடிப் பகுதியில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்தன. பதினான்கு வயது ஆனால் பள்ளியை விட்டுவிடலாம் என்பது அன்றைய சட்டம். "படிச்சது போதும், சம்பளத்துக்குப் போ" என்று வீட்டில் சொல்வார்கள். பிள்ளை முதலில் கண்ணில் பட்ட வேலைக்குப் போகும். அது ஒத்து வராவிட்டால் இன்னொன்று. இப்படியே இளமை கழிந்துவிடும். நம் லயத்து வீடுகளிலும் இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள். கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் கதை எங்கும் ஒன்றுதான்.

அந்த வட்டாரத்துச் சேவை இல்லம் ஒன்றில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் பாடுபட்டார். அவர் பொறியியல் படித்தவர், சட்டம் படித்தவர், பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். 1908-ஆம் ஆண்டு ஜனவரியில், இளைஞர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் நிலையம் ஒன்றை அங்கே தொடங்கினார். பாலின் அகாசிஸ் ஷா என்ற அம்மையார் அதற்குப் பணம் கொடுத்து உதவினார்.

பார்சன்ஸ் சொன்ன வழி எளிமையானது. முதலாவது, உன்னை நீ அறிந்துகொள்: உன் திறமை என்ன, விருப்பம் என்ன, குறை என்ன? இரண்டாவது, வேலையை அறிந்துகொள்: அதற்கு என்ன தகுதி வேண்டும், சம்பளம் என்ன, முன்னேற்றம் உண்டா? மூன்றாவது, இரண்டையும் சேர்த்து வைத்து நிதானமாக யோசித்து முடிவு செய். முடிவைப் பிள்ளையே எடுக்க வேண்டும். ஆலோசகர் கூட இருந்து உதவ வேண்டும். இந்த மூன்று படிகள் இன்றும் ஆலோசகர் படிப்பில் சொல்லித் தரப்படுகின்றன.

பார்சன்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு, 1909-இல்தான் வெளிவந்தது. ஆனாலும் விதை விழுந்துவிட்டது. அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்ற மேயர் புளூம்பீல்ட் 1911-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பாடமாகவே நடத்தினார். இதற்கு முன்பே, 1907-இல், கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற பள்ளித் தலைவர், ஆங்கிலக் கட்டுரை வகுப்பிலேயே வாரம் ஒருமுறை நல்லொழுக்கமும் தொழில் வழிகாட்டலும் இடம்பெறச் செய்திருந்தார். 1913-இல் அதே நகரில்தான் தொழில் வழிகாட்டிகளின் தேசியச் சங்கம் உருவானது.

ஆனால் நீண்ட காலம் இது ஒட்டு வேலையாகவே இருந்தது. பாடம் நடத்தும் ஆசிரியரே, நேரம் கிடைத்தால், ஆலோசனையும் சொல்ல வேண்டும். நேரம் எங்கே கிடைக்கும்? எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட வேலையை யாருமே பார்ப்பதில்லை.

நூலகப் பள்ளியின் கதவு

இனி நூலகர் கதைக்கு வருவோம். 1887-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி என்பவர் நூலகர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். நூல் நிலையத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிறோமே, அந்தத் தசம முறையை வகுத்தவர் இவர்தான். முதல் வகுப்பில் 20 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 17 பேர் பெண்கள்! கல்லூரி நிர்வாகத்தினர் அதை விரும்பவில்லை. வகுப்பறை தர மறுத்தார்கள். ஒரு சாமான் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்து அதில் பாடம் நடந்தது. 1889-இல் அந்தப் பள்ளி கொலம்பியாவை விட்டு ஆல்பனி நகருக்கு இடம் மாறியது.

டூயி கதவைத் திறந்தார் என்பது உண்மை. அவரிடம் குறை இருந்ததும் உண்மை. பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டதையும், யூதர், கறுப்பின மக்கள்மீது காட்டிய வெறுப்பையும் கருதி, அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் தன் உயர்ந்த பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்க முடிவு செய்தது.

1900-ஆம் ஆண்டில் புரூக்ளின் எராஸ்மஸ் ஹால் உயர்நிலைப் பள்ளியில் மேரி கிங்ஸ்பரி நூலகராக வேலைக்கு அமர்ந்தார். நூலகப் பயிற்சி முடித்து ஒரு பள்ளியில் அமர்த்தப்பட்ட முதல் நூலகர் இவரே என்பர். பூட்டி வைத்த அலமாரிக்குக் காவல் இருப்பதல்ல வேலை; பிள்ளைகளைப் புத்தகத்தோடு சேர்த்து வைப்பதே வேலை. அதற்கெனப் படித்த ஒருவர் பள்ளிக்குள் வந்தது அன்று புதுமையாக இருந்தது.

இந்தப் பயிற்சி பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டும், பட்டம் பெற்றவர்களையே சேர்க்க வேண்டும் என்று 1923-இல் வில்லியம்சன் அறிக்கை வலியுறுத்தியது. 1951-இல் அமெரிக்க நூலகச் சங்கம் முதுகலைப் பட்டத்தையே இத்தொழிலின் அடிப்படைத் தகுதியாக வகுத்தது.

தகுதி உயர்ந்தது நல்லதுதான். ஆனால் மனுப் போடும் உரிமையே எல்லாருக்கும் இருந்ததா? இல்லை ஐயா. தென்மாநிலங்களில் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்களுக்கு இடம் இல்லை. அவர்களுக்காக 1925-இல் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் ஒரு நூலகப் பள்ளி திறக்கப்பட்டது. 1939-இல் அதுவும் மூடப்பட்டது. பிறகு 1941-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் புதிய நூலகப் பள்ளி எழுந்தது. அதன் முதல் தலைவர் எலைசா ஆட்கின்ஸ் கிளீசன். அவர் 1940-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நூலகத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தாங்களே செய்து மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

வானத்தில் போன ஒரு பந்து

1957 அக்டோபர் 4-ஆம் நாள் ரஷ்யர்கள் ஸ்புட்னிக் என்ற செயற்கைக் கோளை விண்ணில் ஏவினார்கள். குறுக்கே 58 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 84 கிலோ, அவ்வளவுதான். அந்தச் சின்னப் பந்து அமெரிக்காவையே உலுக்கிவிட்டது. "நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டார்களே!" என்று கூக்குரல் எழுந்தது. 1958 செப்டம்பர் 2-ஆம் நாள் அதிபர் ஐசனோவர் தேசியத் தற்காப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். திறமையுள்ள மாணவர்களைக் கண்டுபிடித்து ஊக்க வேண்டும். அதற்கு ஆலோசகர்களைப் பல்கலைக்கழகங்களில் பயிற்ற வேண்டும் என்று அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதி பணம் ஒதுக்கியது. ஐம்பது ஆண்டுகளாக ஒட்டு வேலையாக இருந்தது, அப்போதுதான் நாடு முழுவதும் முழுநேரத் தொழிலாக விரிந்தது. 250 அல்லது 300 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று 1959-இல் ஜேம்ஸ் கோனன்ட் எழுதினார். 250 மாணவர்களுக்கு ஒருவர் என்பதே இன்றும் அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை.

அந்தச் சட்டம் பிள்ளையை நினைத்துப் பிறந்ததைவிட, ராக்கெட்டை நினைத்துப் பிறந்தது என்றே சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு வழி பிறந்தது. பின்வரிசைப் பிள்ளைக்கு?

அந்தக் கேள்விக்கு 1965 ஏப்ரல் 11-ஆம் நாள் ஓரளவு பதில் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கான சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட இடம் வெள்ளை மாளிகை அல்ல. டெக்சஸ் மாநிலத்தில், தாம் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளியின் அருகில், தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவரே இளமையில் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி பள்ளி நூல் நிலையங்களுக்கென முதல் ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்க வகை செய்தது. புத்தகம் வந்தது, படக்கருவிகளும் ஒலிநாடாக்களும் வந்தன. 1969-இல் வெளியான புதிய தர விதிகள் நூலகத்தையும் இக்கருவிகளையும் ஒன்றாக்கி 'ஊடக மையம்' என்று பெயர் சூட்டின. நம் பள்ளிகளில் 'வள மையம்' என்கிறோமே, அதே எண்ணம்தான்.

மனு எதைக் கேட்கிறது?

"கதை நல்லாத்தான் இருக்கு, இப்போ என் மகள் இந்தப் படிப்புக்கு மனுப் போடணும்னா என்ன செய்யணும்?" என்று ஒரு தாய் கேட்கலாம். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் இளங்கலைப் பட்டம் வேண்டும். அதன் மதிப்பெண் பட்டியல், இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், "நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்" என்ற கட்டுரை ஆகியவற்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும். ஜி.ஆர்.இ. எனும் பொதுத் தேர்வை முன்பு பல இடங்களில் கேட்டார்கள். இப்போது அதை விட்டுவிட்ட பல்கலைக்கழகங்கள் பல. ஆலோசகர் படிப்புக்கு நேர்முகப் பேட்டியும் உண்டு.

பரிந்துரைக் கடிதத்துக்கு டத்தோவையும் சட்டமன்ற உறுப்பினரையும் தேடி ஓட வேண்டாம். நீங்கள் பிள்ளைகளோடு பழகியதைக் கண்ணால் பார்த்தவரின் கடிதமே எடுபடும். ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தீர்களா? கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தினீர்களா? நூல் நிலையத்தில் கதை சொன்னீர்களா? அங்கே உங்களைக் கண்காணித்தவரைக் கேளுங்கள். கட்டுரையிலும் "எனக்குச் சேவை மனப்பான்மை உண்டு" என்று எழுதினால் போதாது. எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள், அதில் என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ரகசியம் காப்பது இத்தொழிலின் முதல் பாடம்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. மனுப் போடுமுன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். ஒன்று, அங்கீகாரம். ஆலோசகர் படிப்புகளைத் தரம் பார்க்கும் காக்ரெப் என்ற அமைப்பு 1981-இல் தோன்றியது. அதன் விதிப்படி 100 மணி நேரப் பயிற்சியும், அதன்பின் 600 மணி நேரக் களப்பணியும் முடிக்க வேண்டும். அந்த 600-இல் 240 மணி நேரமாவது நேரடியாக ஆலோசனைப் பணி செய்ய வேண்டும். நூலகர் படிப்பை அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலையாகவும் படிக்கலாம். கல்வித் துறை நடத்தும் பள்ளி நூலக முதுகலையாகவும் படிக்கலாம். இரண்டு, உரிமம். அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பள்ளி நூலகர் ஆசிரியர் உரிமமும் பெற்றிருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. மூன்று, திரும்பி வந்து வேலை செய்யும் நாடு. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பின் கேட்டுப் பயனில்லை.

பெற்றோர்களே! டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று மூன்று பெயரையே பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிறோம். அந்த மூன்றுக்கும் போக வழி காட்டுபவர் ஒருவர் வேண்டுமே, அவரும் நம் வீட்டிலிருந்து வரக் கூடாதா? தோட்டத்துப் பிள்ளையின் தயக்கம், கூச்சம், வீட்டுக் கஷ்டம் ஆகியவற்றைச் சொல்லாமலே புரிந்துகொள்ள, அதே வாழ்வை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்மை!

மாணவச் செல்வங்களே! இன்று நூல் நிலையத்தில் தம்பி தங்கைக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கும் நீங்கள், அழுகிற தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கும் நீங்கள், இந்தப் படிப்பின் முதல் படியில் ஏற்கெனவே கால் வைத்தவர்கள்தாம். மேலே ஏறுங்கள். ஏறிய பின் அடுத்த பிள்ளைக்குக் கை கொடுங்கள்.

வளர்க கல்வி! வாழ்க நம் பிள்ளைகள்!