ஓய்வூதிய வழக்கறிஞர்

ஓய்வூதிய வழக்கறிஞர் என்பவர், பணி ஓய்வு பெற்றோருக்கும் அவர்களுக்குப்பின் வாழும் குடும்பத்தாருக்கும் உரிய ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை பற்றிய வழக்குகளில் தேர்ச்சி பெற்றவர். இந்தியாவில் இதற்கெனத் தனிப்பட்டம் தேவையில்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்துகொண்ட எவரும் இவ்வழக்குகளை நடத்தலாம் எனினும், அரசுப் பணியாளர் வழக்குகளையே தொடர்ந்து நடத்தி, 'சர்வீஸ்' வழக்கறிஞர் என்று நீதிமன்ற வட்டாரத்தில் பெயர் பெற்றவர்களிடமே பெரும்பாலும் இவை சென்று சேர்கின்றன.

ஓய்வூதியத்தை அரசின் கொடையாகக் கருதிய காலத்தில் இத்தொழிலுக்கு இடமே இல்லை. அரசு வழங்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதை 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் தடுத்திருந்தது. தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த சலுகையன்று, சொத்துரிமையே என்றும், அச்சட்டத்தின் தடை நீதிப்பேராணை கோரும் மனுவுக்குப் பொருந்தாது என்றும் அறிவித்தபோதுதான் வாசல் திறந்தது. 1979 மார்ச் 31க்குமுன் ஓய்வு பெற்றோருக்குத் தாராளமாக்கப்பட்ட கணக்கீட்டை மறுத்தது அரசமைப்பின் 14ஆவது பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணானது என்று, நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அந்நாளை ஓய்வூதியர்கள் தங்கள் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். ஆயினும், வைப்பு நிதியைத் தேர்ந்த ரயில்வே ஊழியர்கள் வேறு வகுப்பினர் என்று கிருஷேணகுமார் வழக்கில் 1990இல் முடிவானது முதல் நகாரா தீர்ப்பின் வீச்சு குறுகியே வந்துள்ளது. அதை மட்டும் மேற்கோள் காட்டி வெல்ல முயல்வது அனுபவமின்மையின் அடையாளம்.

இத்துறையின் உண்மையான புலமை, கோட்பாடுகளைவிட விதிகளிலும் தேதிகளிலும் அடங்கியிருக்கிறது. ஊழியரின் நியமனம், பதவி உயர்வு, விடுப்பு, தண்டனை ஆகியவை பதியப்படும் பணிப்பதிவேட்டை வரிவரியாகப் படித்து, ஓய்வூதியத்துக்குக் கணக்கிடத்தக்க காலமான தகுதிப் பணிக்காலத்தை நிறுவுவதே முதல் வேலை. மத்திய அரசுப் பணியில் ஓய்வூதியம் பெற அது பத்தாண்டு இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதால், தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ பல்லாண்டு உழைத்துப் பின்னர் நிரந்தரமானவர்கள் அந்நாளுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதே வழக்கின் உயிர்நிலையாகிவிடுகிறது.

காலதாமதம் மற்றொரு சிக்கல். குறைவான ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் மனு ஏற்கப்படும். ஆனால் நிலுவை, பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கே கிடைக்கும் என்பது தர்சேம் சிங் வழக்கில் 2008இல் தெளிவாயிற்று. ஆகவே, 'நேரில் போய்க் கேட்டுப் பார்ப்போம்' என்று அலுவலகங்களுக்கு அலையும் கட்சிக்காரரைக் காலத்தோடு மனுத்தாக்கல் செய்யவைப்பதும் வழக்கறிஞரின் பொறுப்பாகிறது.

வழக்கு எங்கே தொடரப்படவேண்டும் என்பது பணியைப் பொறுத்தது: மத்திய ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தையும், படைவீரர் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தையும், தமிழ்நாட்டு அரசு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தையோ அதன் மதுரைக் கிளையையோ நாடுவர். தனியார் துறையினருக்கு 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். சம்பள உச்சவரம்பைக் கடந்து முழுச் சம்பளத்துக்கும் பங்களிப்புச் செலுத்தும் உரிமை பற்றி 2022 நவம்பர் 4 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து அளிக்கும் கூட்டு விருப்பத்தைத் தெரிவிக்கத் தகுதியுடையோருக்கு மேலும் நான்கு மாத அவகாசம் அளித்தது. அதன்பின் இத்துறையினரை நாடி வருவோரில் தனியார் ஊழியர்களும் சேர்ந்துகொண்டனர்.

குடும்ப ஓய்வூதிய வழக்குகளில் சட்டத்தோடு பொறுமையும் வேண்டும். அது இறந்தவரின் சொத்தில் சேராது, உயில் எழுதி ஒருவருக்கு வைத்துவிடவும் இயலாது என்று 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதால், உயிலைக் கையில் ஏந்தி வரும் சகோதரனுக்கும் விதிகளில் பெயர் குறிக்கப்பட்ட மனைவிக்கும் இடையே மூளும் பூசலில் விதியே வெல்லும்.