காரணமும் பொறுப்பும்: ஆட்டிசம் குறித்த பழியும் சட்டமும் கடந்து வந்த பாதை

முன்னுரை

குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'இது ஏன் வந்தது?' என்பதே. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சியில் என்ன நேர்ந்தது என்பது ஒன்று. அதற்கு விடை தேடுவது மருத்துவம். இதற்கு யார் பொறுப்பு, யார் ஈடு தர வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு விடை சொல்வது சட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால், கடந்த எண்பது ஆண்டுகளில் முதலில் தாய்மார்கள் மீதும் பின்னர் தடுப்பூசி மீதும் பழி விழுந்தது. அந்தக் குழப்பம் எப்படி வளர்ந்தது, நீதிமன்றங்கள் அதை எப்படி எதிர்கொண்டன, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் ஜெயாவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அதனால் என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தைக்குச் சேர வேண்டிய உதவி, காரணம் யார் என்ற தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே இதன் வாதம்.

தாய்மீது விழுந்த பழி

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கேனர், 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தார். பிறரோடு உறவாடுவதில் இவர்களுக்குள்ள இடர்ப்பாடு பிறவியிலேயே அமைந்தது என்று அக்கட்டுரையில் அவர் எழுதினார். ஆனால் இவர்களின் பெற்றோரில் பாசத்தை வெளிக்காட்டுவோர் மிகக் குறைவு என்றும் குறித்து வைத்தார். பின்வந்தோர் முதல் கருத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற பழிச்சொல் பரவியது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதற்கு அறிவியல் போர்வை போர்த்தியது. சரியாகப் பேசாத, முகம் பார்க்காத பிள்ளையோடு இரவு பகலாகப் போராடிச் சோர்ந்துபோன தாயின் முகத்தைப் பார்த்து, அந்தச் சோர்வே நோய்க்குக் காரணம் என்றார்கள். விளைவைக் காரணமாக்கிய பிழை இது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே இதை மறுத்து, உடலியல் காரணங்களைத் தேடச் சொன்னார். 1969இல் கேனரே பெற்றோர் கூட்டமொன்றில் எழுந்து, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு இதனால் தெளிவானது. ஆனால் அதுவரை விசாரணையே இல்லாமல் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தண்டனை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

தடுப்பூசியும் நீதிமன்றமும்

தாய்க்கு அடுத்து குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டது தடுப்பூசி. 1998 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்தது. ஊசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர்களிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டியர் பின்னர் அம்பலப்படுத்தினார். அதாவது, சட்டத்துக்குத் தேவைப்பட்ட காரணத்தை அறிவியலின் பெயரால் உருவாக்க முயன்றார்கள். 2010இல் லான்செட் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, எம்எம்ஆர் ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் அதிகமில்லை என்று காட்டியது.

இருந்தும் ஐயம் ஏன் தீரவில்லை? மலேசியாவின் அரசாங்கக் கிளினிக்குகளில் நடப்பதையே பார்ப்போம். குழந்தைக்கு 9, 12 மாதங்களில் எம்எம்ஆர் ஊசியும் 18 மாதங்களில் வேறு ஊசியும் போடுகிறார்கள். அதே 18 மாத வருகையில்தான் தாதி தாயிடம் கேள்வித்தாளைக் கொடுக்கிறார்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டுகிறதா, கண்ணோடு கண் பார்க்கிறதா? ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவரும் வயதும் அதுவே. ஊசியும் அடையாளமும் ஒரே பருவத்தில் வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம்போலத் தோன்றுகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இந்தத் தோற்றத்தை அமெரிக்க நீதிமன்றம் விரிவாகவே சோதித்தது. அங்கு 1986இல் வந்த சட்டத்தின்படி, ஊசியால் பாதிக்கப்பட்டவர் யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டியதில்லை; ஊசிதான் காரணமாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2005ஆம் ஆண்டின் ஆல்தன் தீர்ப்பு அதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தது: ஏற்கத்தக்க மருத்துவக் கருத்து, காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்லும் தர்க்கத் தொடர்ச்சி, பொருத்தமான கால இடைவெளி. அறிவியல் ஆய்வில் எதிர்பார்க்கும் உறுதி தேவையில்லை. இவ்வளவு தளர்த்திய பிறகும், 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் சார்பில் எடுத்துக்கொள்ளப்பட்ட மூன்று முன்மாதிரி வழக்குகள் 2009 பிப்ரவரி 12 அன்று தள்ளுபடியாயின. ஊசி மருந்தில் சேர்க்கப்பட்ட பாதரசச் சேர்மத்தைக் குற்றம் சாட்டிய அடுத்த மூன்றும் 2010இல் தோற்றன. இத்தாலியின் ரிமினி நீதிமன்றம் 2012இல் ஊசியே காரணம் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2015இல் போலோனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பினாங்குக்கு வந்த சட்டம்

செபராங் ஜெயா பெற்றோர் ஒருவர் வழக்குத் தொடுத்தால் எந்த அளவுகோல் பொருந்தும்? 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் பினாங்குக்கு ஆங்கிலேயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் ஆங்கிலப் பொதுச் சட்டத்தை இந்நாட்டின் அடித்தளமாக்கியது. அதன்படி கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டும், அதுவே பாதிப்பை விளைவித்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். 1988இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த வில்ஷர் வழக்கு இங்கே வழிகாட்டும். குறைமாதக் குழந்தைக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்துவிட்டார்கள். குழந்தை பார்வை இழந்தது. ஆனால் பார்வை இழப்புக்கு ஐந்து காரணங்கள் இருக்கக்கூடும். ஆக்சிஜன் அவற்றில் ஒன்றுதான். தவறு நடந்திருந்தாலும் அத்தவறே காரணம் என்று அதனால் ஆகிவிடாது என்று கூறி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்களும் குறைப்பிரசவம், பெற்றோரின் வயது போன்ற கூறுகளும் பின்னிக் கிடக்கும் ஆட்டிசத்தில் இந்தத் தடையைத் தாண்டுவது இன்னும் கடினம்.

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். நீதிமன்றம் தள்ளுபடி செய்ததாலேயே அறிவியல் உண்மை நிலைநாட்டப்பட்டுவிடுமா என்பது முதலாவது. நிலைநாட்டப்படாது, வழக்காடியவர் நிரூபிக்கவில்லை என்பதே தள்ளுபடியின் பொருள். அதனால்தான் டென்மார்க் ஆய்வு போன்ற மக்கள்தொகைச் சான்றுகள் முக்கியமாகின்றன. காரணத்தைத் தேடாவிட்டால் கவனக்குறைவான மருத்துவர்கள் தப்பிவிட மாட்டார்களா என்பது இரண்டாவது. பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்பட்டது போன்ற வழக்குகளில், சான்று இருக்குமானால் நீதிமன்றம் போகத்தான் வேண்டும். இவ்வாதம் அதைத் தடுக்கவில்லை. பொறுப்பாளி இல்லையென்றால் செலவை யார் ஏற்பது என்பது மூன்றாவது, மிகக் கடுமையான மறுப்பு. பழி சுமத்தாமலேயே அரசு பணம் தர முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு: கோவிட் தடுப்பூசியால் நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை வழங்க 2021இல் அரசு திட்டம் வகுத்தது. ஆட்டிசத்துக்கோ அதைவிட விரிந்த வழி இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், நீண்டகாலக் குறைபாடும் சமூகத்தின் தடைகளும் சேர்ந்து ஒருவரின் முழுமையான பங்கேற்பைத் தடுப்பதையே ஊனம் என்கிறது. அதில் காரணத்துக்கு இடமே இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் 'கற்றல் பிரச்சினை' பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை கேட்டு விண்ணப்பிக்கும்போது, நிலையை உறுதி செய்யும் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். யாரால் வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

முடிவுரை

காரணம் கேட்காத இச்சட்டத்துக்குப் பெரிய குறை ஒன்றுண்டு. 2008இல் இயற்றப்பட்ட வடிவில் அதன் 41ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த அல்லது செய்யத் தவறிய செயலுக்காக அரசின்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. உரிமையைக் கொடுத்த கையே அதைக் கேட்டு வாங்கும் வாயிலையும் அடைத்துவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைக்கும், சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் கிடைக்காத மாணவனுக்கும் நீதிமன்றம் உதவ வேண்டிய இடம் இதுவே. நம் அரசியல்வாதிகளும் சமூக இயக்கங்களும் இப்பிரிவைத் திருத்தக் குரல் கொடுக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 18 மாதக் கேள்வித்தாளில் ஐயம் எழுந்தால், யாரால் வந்தது என்று தேடி நாளைக் கடத்தாமல், அன்றே மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.